மின்சுற்றுப் பாடம்: திரையா, மேசையா?

தருமபுரியில் இளநிலை இயற்பியல் படிக்கும் மாணவருக்கு மின்சுற்றை எதில் தொடங்கிக் கற்பிப்பது? ஆய்வக மேசையைவிட, என் வாக்கு சோதனையைத் திரையில் செய்து பார்க்கும் ‘ஃபெட்’ (PhET) கணினி உருவகப்படுத்தலுக்கே. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலவசத் திட்டம் இது. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதைத் திரையில் பார்க்கலாம். மின்தடையைக் கூட்டினால் எல்லா எலக்ட்ரான்களின் வேகமும் ஒருசேரக் குறைகிறது. பல்பில் மின்னோட்டம் தீர்ந்துபோகிறது என்ற பிடிவாதமான தப்பெண்ணம் அங்கேயே உடைகிறது. எந்த ஆய்வக மேசையும் இதைக் காட்டாது. கோப்பைப் பதிவிறக்கிக்கொண்டால் இணையமும் வேண்டாம். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பஸ்ஸில் வருபவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 2005இல் வெளியான கொலராடோ ஆய்வொன்றில், உண்மைக் கருவிகளில் பயின்றவர்களைவிடத் திரையில் பயின்றவர்களே உண்மையான சுற்றை அமைப்பதிலும் விளக்குவதிலும் முந்தினார்கள்.

ஆனால் மேசைக்கும் அதற்கே உரிய பாடம் உண்டு. அங்கே இருப்பது மீட்டர் சமனச்சுற்று: ஒரு மீட்டர் நீளக் கம்பியைக் கொண்டு தெரியாத மின்தடையை அளக்கும் அமைப்பு. இணைப்பு தளர்ந்திருந்தால், சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனோமீட்டரின் முள் நிலைகொள்ளாது. கம்பி முனையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மீட்டர் கம்பியைத் தொடும் முனையான தொடுசாவியைக் கம்பிமேல் இழுக்கக் கூடாது, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். இழுத்தால் கம்பி தேய்ந்து அதன் சீரான தடிமன் கெட்டுவிடும். இந்தக் கைப்பழக்கத்தைத் திரை தராது. அளவீட்டுப் பிழையோடு மல்லுக்கட்டுவதும் இங்கேதான். ஆகவே முதல் வாரம் திரை, இரண்டாம் வாரமே மேசை. திரையை மட்டும் நம்பி மாணவரைச் செய்முறைத் தேர்வுக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.