தனியொருவரிடம் சொல்லிச் செய்வித்த கிட்டார்: ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு

கடையில் தொங்கும் கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்த்து வாங்கலாம். சொல்லிச் செய்விக்கும் கிட்டாரையோ அதன் ஒலியைக் கேட்காமலே வாங்கியாக வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் கைவினைஞர் ஒருவரிடம் நான் செய்வித்த எஃகுக் கம்பி கிட்டாரை ஆறு ஆண்டுகளாக, அநேகமாக நாள்தோறும், வாசித்து வருகிறேன். கைக்கு வந்த முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் இது வெறும் புகழுரையாக முடிந்திருக்கும்.

முதுகுப்பலகைக்கு ஈட்டி மரமா, மஹோகனியா, மேப்பிளா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளை இடைவெளி விட்டுத் தாங்கும் நட் எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்பதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். இன்று திரும்பிப் பார்த்தால், யோசனையைச் செலவிட்ட கணக்கே தலைகீழாக இருந்திருக்கிறது. ஸ்பெயினின் புகழ்பெற்ற கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ், ஒலியைத் தீர்மானிப்பது முன்பலகைதான் என்று காட்டுவதற்காகவே, முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து 1862-இல் ஒரு கிட்டாரை உருவாக்கினார். முதுகு, பக்க மரங்கள் மட்டுமே வேறுபட்ட ஆறு கிட்டார்களை, பார்வை மறைக்கப்பட்ட நிலையில் 52 கலைஞர்களிடம் கொடுத்து ஆராய்ந்த லங்காஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினரும், ஆறின் ஒலித்தரத்துக்கும் அவர்கள் ஏறத்தாழ ஒரே மதிப்பையே தந்தார்கள் என்று 2018-இல் வெளியிட்டார்கள். இதை அப்போதே படித்திருந்தாலும் நான் ஈட்டியைத்தான் கேட்டிருப்பேன். கண்ணுக்கும் ஆசை உண்டு அல்லவா.

நட் அகலத்தையும், கம்பி அதிரும் நீளமான ஸ்கேலையும் இறுதியில் தீர்மானித்தவர் கைவினைஞர்தான். முதல் சந்திப்பில் மரங்களைக் காட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ என்னிடமிருந்த பழைய கிட்டாரையே அரைமணி நேரம் வாசிக்கச் சொல்லிவிட்டு, என் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மோதிர விரலின் சதை பக்கத்துக் கம்பியில் பட்டு ஒலியை அடைப்பதை, ஏழெட்டு ஆண்டுகளாக நான் என் பயிற்சிக் குறைவு என்றே நம்பியிருந்தேன். புதிய கிட்டாருக்கு 43 மில்லிமீட்டர் நட்டை 46 ஆக்கினார். 645 மில்லிமீட்டர் ஸ்கேலை 632 ஆகக் குறைத்தார். ஒரே கம்பியை ஒரே சுருதியில் வைக்கும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும் என்பதால், இந்தச் சிறு குறைப்பிலேயே ஏறத்தாழ நான்கு சதவீத இறுக்கம் தளர்கிறது. இரண்டு மணி நேரம் தொடர்ந்து வாசித்த பிறகும் மணிக்கட்டு வலிக்காதபோதுதான் அந்த நான்கு சதவீதத்தின் அருமை எனக்கு விளங்கியது.

குறை இல்லாமல் இல்லை. எட்டு மாதத்தில் தருவதாகச் சொன்னது பதினான்கு மாதத்தில் வந்தது. நடுவே ஐந்து வாரம் பதிலே இல்லை. அதைவிடப் பெரிய ஏமாற்றம், நான்காம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இருந்த ஜி சுரம். மற்ற சுரங்கள் நீண்டு ஒலிக்க, அது மட்டும் தட்டியதும் பெருத்து உடனே செத்துவிடும். முன்பலகையின் இயல்பான அதிர்வெண் ஒரு சுரத்தின் மீதே நேராக அமைந்துவிட்டால் வரும் கோளாறு இது. மெல்லிய பலகையிட்டு இலேசாகச் செய்யப்படும் கருவிகளில் இது எளிதில் தலைகாட்டும். திருப்பி எடுத்துச் சென்றபோது, அவர் ஒலித்துளை வழியாகக் கையை விட்டு, முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கு நேர் கீழே ஒரு சிறு பிசின் களிமண் உருண்டையை ஒட்டி வாசிக்கச் சொன்னார். பிறகு அதைச் சற்று நகர்த்தினார். பாதியாகக் கிள்ளி எடுத்தார். மீண்டும் வாசிக்கச் சொன்னார். எடை கூடியதும் பலகையின் அதிர்வெண் இரு சுரங்களுக்கு நடுவே இறங்கிவிட, ஜி மற்ற சுரங்களோடு சேர்ந்துகொண்டது. களிமண்ணை நிறுத்து, அதே எடைக்கு ஒரு மரத்துண்டைச் சீவி உள்ளே நிலையாக ஒட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. கருவியைக் கொடுக்கும் முன்பே அந்தக் கோளாறை அவர் கண்டுபிடித்திருக்கலாம் என்பதும் உண்மைதான்.

முதல் வறண்ட பருவத்தில் மரம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறின. ஒருமுறை அரம் போட்டுச் சரிசெய்ததோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. அரக்குப் பூச்சு முன்னங்கை படும் இடத்தில் வியர்வையால் மங்கியிருக்கிறது. வாசிக்க வாசிக்க ஒலி விரிந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது மரம் பழகியதாலா, என் கை பழகியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை.

தன் கைக்கு எது ஒத்துவரவில்லை என்று இன்னும் அறியாதவர், நல்ல ஆலைக் கிட்டார் ஒன்றில் சில ஆண்டுகள் வாசித்துவிட்டு இந்தப் பக்கம் வருவதே மேல். பிடிக்காமல் போனால் பெயர் தெரியாத கைவினைஞரின் கருவியைப் போட்ட பணத்துக்கு விற்பது கடினம். நான் இன்னொன்று செய்வித்தால் மரத்தை அவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டு, நட்டை மட்டும் 45 ஆக்கச் சொல்வேன். 46-இல், கட்டைவிரலை மேலாக வளைத்து ஆறாம் கம்பியை அழுத்த எனக்கு இன்றுவரை எட்டவில்லை.