மரைன் மீன் செத்தால் "உங்க தண்ணி சரியில்லை" என்கிறார்களா? மீன் வந்த கவரின் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்

சென்னையில் ஒரு வீட்டு ரீஃப் டேங்க்கில் (கடல் மீன்களும் பவளங்களும் வளரும் உப்புத் தண்ணீர்த் தொட்டி) நடந்ததை எழுதுகிறோம். கடையின் பெயரைப் போடவில்லை. நோயுள்ள மீனை விற்றுவிட்டு வாங்கியவரின் தண்ணீர் மீது பழி போடும் கடைகள் இன்னும் இருக்கின்றன. எந்தக் கடையாக இருந்தாலும் கண்டுபிடிக்கும் வழி தெரிந்திருப்பதுதான் வாங்குபவருக்கு உதவும்.

சம்ப்போடு (கீழே வைக்கும் துணைத் தொட்டி) சேர்த்து சுமார் 350 லிட்டர் தண்ணீர். ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி), சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) எல்லாம் உண்டு. உப்படர்த்தி 1.026, வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு). ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் என்று சாஃப்ட் கோரல்கள் (மென்பவளங்கள்) நன்றாக விரிந்து நின்ற, பல காலம் சிக்கலே இல்லாத டேங்க். அதில் ஒரு பவுடர் புளூ டாங், மூன்று கிரீன் கிரோமிஸ் புதிதாக வாங்கி விட்டார்கள். இரண்டாம் நாளே டாங் வேவ்மேக்கருக்கு (தண்ணீரை ஓடவிடும் பம்ப்) நேர் எதிரே போய் நின்றுகொண்டு, தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூச்சு வாங்கியது. மறுநாள் காலை செத்துக் கிடந்தது. அடுத்து கிரோமிஸ். அதன்பின் டேங்க்கில் ஏற்கெனவே இருந்த கிளவுன்ஃபிஷ் ஜோடியும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எந்த மீனின் உடம்பிலும் புள்ளி இல்லை, காயம் இல்லை. கோரல்களோ வழக்கம்போல விரிந்தே இருந்தன.

கடையில் கேட்டதற்கு வந்த பதில் "அம்மோனியா", அதாவது மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சு. முதலில் ஒரு பாக்டீரியா பாட்டில், பிறகு அம்மோனியா நீக்கும் கண்டிஷனர், கடைசியில் லேபிளே இல்லாத ஒரு நீல மருந்து. "ரீஃப் சேஃப், பயப்படாம ஊத்துங்க" என்று தலையில் கட்டினார்கள். ஊற்றிய அன்று மாலைக்குள் கிளீனர் ஷ்ரிம்ப் செத்தது. டர்போ நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து கவிழ்ந்து கிடந்தன. ஜோவாந்தஸ் மூடிக்கொண்டது.

இந்த வரிசையே பாதி விடை. ரீஃப் டேங்க்கில் முதலில் பார்க்க வேண்டியது எது செத்தது என்பதைவிட எது சாகவில்லை என்பதைத்தான். மீன்கள் மட்டும் சாகின்றன, இறாலும் நத்தையும் கோரலும் நன்றாக இருக்கின்றன என்றால் அநேகமாக ஒட்டுண்ணி. இறாலும் நத்தையும் முதலில் போய், கோரல் சுருங்கி, மீன் ஓரளவு தாக்குப்பிடித்தால் செம்பு போன்ற உலோகம் அல்லது பூச்சிக்கொல்லி. இரவு நன்றாக இருந்த பெரிய மீன்கள் விடியற்காலையில் சாகின்றன, சின்ன மீன்கள் பிழைக்கின்றன என்றால் ஆக்சிஜன். மின்தடை நேரத்தையும் சில்லர் நின்றிருந்ததா என்பதையும் பாருங்கள். இந்த டேங்க்கில் முதல் சாவுகள் ஒட்டுண்ணி வரிசையில் வந்தன, நீல மருந்துக்குப் பிந்தைய சாவுகள் உலோக வரிசையில் வந்தன. காரணங்கள் இரண்டு, இரண்டும் ஒரே கடையிலிருந்து வந்தவை.

அம்மோனியா கதை ஏன் எடுபடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வழக்கமான இரண்டு பாட்டில் அம்மோனியா டெஸ்ட் கிட், கண்டிஷனர் கட்டிப்போட்ட அம்மோனியாவையும் சேர்த்தே நிறம் காட்டும். உப்புத் தண்ணீரில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், பூஜ்ஜியம்கூடக் கால் பிபிஎம் போலத் தெரியும். கிட்டைச் சோதிக்க, புதிதாகக் கலக்கிய உப்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் அம்மோனியா இல்லை. இங்கே ஒரே நிறம்தான் வந்தது.

சாகும் தறுவாயில் இருந்த கடைசி கிரோமிஸின் செவுள் மைக்ரோஸ்கோப்புக்குப் போனது. பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். மீன் செத்து ஒரு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும்; தாமதமானால் ஒட்டுண்ணிகள் கழன்றுவிடும். செவுள் மூடியைத் தூக்கி, சிறு கத்தரியால் செவுள் இழையின் நுனியை இரண்டு மில்லிமீட்டர் வெட்டி, ஸ்லைடில் ஒரு சொட்டு டேங்க் தண்ணீரோடு வைத்து மூடுங்கள். 40 மடங்கில் ஆரம்பித்து 100-க்குப் போங்கள். சிவந்த இழைகளுக்கு நடுவே கரும்பழுப்பு உருண்டைகள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு சொட்டு லூகால்ஸ் அயோடின் விட்டதும் அவை இன்னும் கறுத்தன. உள்ளே ஸ்டார்ச் இருப்பதால் அப்படி. இதுதான் வெல்வெட் நோயின் ஒட்டுண்ணி, அமிலோஒடினியம் ஒசெல்லேட்டம். மெதுவாக உருளும் பெரிய உருவம், உள்ளே நான்கு மணிகள் கோர்த்தது போன்ற உட்கரு என்றால் அது வெள்ளைப்புள்ளி நோய். அவரை விதை போன்ற உருவம் வேகமாக ஊர்ந்தால் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி. கிளவுன்ஃபிஷ் தோல் வெள்ளைச் சளியாக உரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெல்வெட் பெரும்பாலும் செவுளையே முதலில் பிடிக்கும். உடம்பில் தங்கத் தூள் போலத் தெரிவதற்குள் மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடும். "புள்ளி இல்லையே, அப்புறம் என்ன நோய்?" என்று கடைக்காரர் கேட்பது இந்த இடத்தில்தான் எடுபடுகிறது.

சரி, கடையில் அதே மீன் எப்படித் துள்ளிக்கொண்டிருந்தது? விடை கவர்த் தண்ணீரில் இருந்தது. மீன் வந்த தண்ணீர் ஒரு மூடிய டப்பாவில் கொட்டாமல் வைக்கப்பட்டிருந்தது. நாளானபின் அதில் அம்மோனியாவும் பிஎச்சும் பார்த்துப் பயனில்லை. உப்பும் செம்பும் மாறாது. உப்படர்த்தி பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.017. செம்பு டிஜிட்டல் செக்கரில் 0.6 பிபிஎம். கடையின் சம்ப் பக்கத்தில் இருந்தது சீலேட்டட் வகைச் செம்பு மருந்து (செம்பை வேறொரு வேதிப்பொருளோடு பிணைத்தது). அந்த வகை நோயைத் தீர்க்க 2 முதல் 2.5 பிபிஎம் வேண்டும். அரைகுறை அளவில் ஒட்டுண்ணி சாகாது, பெருகுவது மட்டும் மட்டுப்படும்; மீன் விற்றுப்போகும் வரை நன்றாகத் தெரியும். குறைந்த உப்பும் இதற்கே துணைபோகிறது, கூடவே உப்புச் செலவும் மிச்சம். செம்பே இல்லாத ரீஃப் தண்ணீருக்குள் மீன் இறங்கியதும் தடை போய்விடுகிறது. வெல்வெட்டின் ஒரு கூடு உடைந்தால் 256 நீந்திகள் வரை வெளியே வரும். மூன்று நான்கு நாளில் டேங்க்கே காலி.

உப்பு வித்தியாசம் தனியாகவே மீனைக் கொல்லும். அதிக உப்பிலிருந்து குறைந்த உப்புக்குப் போவதை மீன் தாங்கும். 1.017-லிருந்து 1.026-க்கு ஒரு மணி நேரம் டேங்க் தண்ணீரைக் கவருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஏற்றினால் உடம்பு நீரை இழந்து, ஓரிரு நாளில் போய்விடும். புது மீனைத் தனியே வைக்கும் குவாரண்டைன் டேங்க்கின் உப்பைக் கவருக்குச் சமமாக வைத்து, நாளுக்கு 0.001 முதல் 0.002 வரை ஏற்றுங்கள். தொலைதூரம் பயணித்த கவரில் நீண்ட நேரம் சொட்டு விடுவதும் தவறு. கவரைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறிப் பிஎச் ஏறும்; அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா நஞ்சாகும். ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்தால் போதாது, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புள்ள சோதனைத் திரவத்தில் சரிபாருங்கள்.

நீல மருந்து என்ன என்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை. டேங்க் தண்ணீரில் செம்பு டெஸ்ட் நிறம் காட்டியது. சம்ப்பில் போட்ட பாலிஃபில்டர் (நஞ்சை உறிஞ்சி நிறம் மாறும் வடிகட்டி) துண்டு நீலமானது. ரீஃப் டேங்க்கில் செம்பு என்றால் நத்தை, இறால், கோரல் எல்லாவற்றுக்கும் விஷம். லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் வாழும் பாறை) மணலும் உறிஞ்சி வைத்து மெல்ல மெல்லக் கசியவிடும். தண்ணீரைப் பெரிய அளவில் மாற்றி, செம்பு உறிஞ்சும் ரெசினை ஓட்டி, வாரக்கணக்கில் டெஸ்ட் செய்ய வேண்டியிருந்தது. கோரல் டேங்க்குக்குள் ஊற்றி வெல்வெட்டைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. "ரீஃப் சேஃப்" என்று யார் எதைக் கொடுத்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடை மீது பழி போடுமுன் உங்கள் வீட்டையும் ஒருமுறை பாருங்கள், இல்லையென்றால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். குடிக்கிற ஆர்ஓ மெஷினில் "காப்பர்" கார்ட்ரிட்ஜ் இருந்தால் அந்தத் தண்ணீர் டேங்க்குக்கு ஆகாது. டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் உள்ள மெஷின் ஆர்ஓ வழியாகப் போகாத தண்ணீரையும் கலந்துதான் தருகிறது. மிச்ச உப்பையும் உறிஞ்சும் டிஐ ரெசின் வைத்து டிடிஎஸ் பூஜ்ஜியம் வரும் தண்ணீரே வேண்டும். கொசு விரட்டும் லிக்விட், காயில், கரப்பான் ஸ்பிரே பெரும்பாலானவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. ஏர்பம்ப்பும் ஸ்கிம்மரும் அறைக்காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் தள்ளும், இறால்தான் முதல் பலி. வேவ்மேக்கர் காந்தத்தைக் கழற்றி உறையில் வீக்கமோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

நோய் உறுதியானால் எல்லா மீன்களையும் வெளியே எடுக்க வேண்டும். ஒன்றைக்கூட விட்டுவைக்கக் கூடாது. வெறும் கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், நல்ல பாக்டீரியா ஏற்கெனவே ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர். மணலும் கல்லும் செம்பை உறிஞ்சும், வேண்டாம். மூச்சு வாங்கும் மீனுக்கு, வெப்பமும் பிஎச்சும் சமமாக்கி நன்றாகக் காற்றூட்டிய ஆர்ஓ தண்ணீரில் 5 நிமிடக் குளியல் கொஞ்சம் நிம்மதி தரும். குணமாக்காது. சீலேட்டட் செம்பை 48 மணி நேரத்தில் படிப்படியாக 2.25 பிபிஎம்முக்கு ஏற்றி 30 நாள் குறையாமல் வைத்திருங்கள். வேறு சில தயாரிப்புகளுக்கு முழு அளவே 0.5 பிபிஎம்தான். சீலேட்டட் வகையின் அளவை இவற்றுக்குப் போட்டால் மீன் செத்துவிடும். செம்பு இருக்கும் தொட்டியில் அம்மோனியா நீக்கும் கண்டிஷனரை ஊற்றாதீர்கள், செம்பின் நச்சு கூடிவிடும்; அம்மோனியா ஏறினால், அதே அளவு செம்பு கலந்த புதுத் தண்ணீரை மாற்றுங்கள். ரீஃப் டேங்க்கை மீனே இல்லாமல் 27 டிகிரியில் 6 வாரம் விடுங்கள். வெள்ளைப்புள்ளியும் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் 76 நாள்.

இனி வாங்கும்போது ரிஃப்ராக்டோமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். கடையின் மீன் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு வைத்துப் பார்க்க மறுத்தால் அங்கே மீன் வாங்காதீர்கள். "செம்பு ஓடுகிறதா, எந்த வகை, எவ்வளவு பிபிஎம்?" என்று கேளுங்கள். மீன் தொட்டியில் முழு அளவில் செம்பு ஓடுவதும் அதை மறைக்காமல் சொல்வதும் நல்ல கடையின் அடையாளமே. கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். இந்தச் சம்பவத்தில் மீனுக்கும் பில் இல்லை, மருந்துக்கும் இல்லை. "நாங்க விக்கவே இல்லை" என்று கடை கையை விரித்தது. பில், கவர்த் தண்ணீர் அரை லிட்டர், ரீடிங் தெரியும் படங்கள், செவுள் ஸ்லைடின் படம், மருந்து பாட்டில் மிச்சத்தோடு கழுவாமல், இவ்வளவும் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அது தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.