பவர் கண்டிஷனர்னு பிளக் போர்ட வித்துட்டு இருக்காங்க, சவுண்ட் சர்வீஸ்காரங்க உஷாரா இருங்க

சவுண்ட் சர்வீஸ் பண்றவங்க, வீட்லயே சின்னதா ஸ்டுடியோ போட்டிருக்கவங்க எல்லாரும் இத முழுசா படிச்சிட்டு அப்புறம் கடைக்கு போங்க. முன்னாடி வோல்ட் மீட்டர், இழுத்தா வெளிய வர்ற ரெண்டு லைட்டு, பின்னாடி எட்டு பிளக் பாயிண்ட்னு ரேக்ல மாட்டுற கருப்பு டப்பா இருக்கில்ல, அத ஸ்டெபிலைசர் வேலையும் சேத்து பண்ணும்னு சொல்லி விக்கிறாங்க. அது வோல்டேஜ ஏத்தவும் செய்யாது, எறக்கவும் செய்யாது.

நான் திருச்சி பக்கம் சர்வீஸ் வச்சிருக்கேன், கோயில் திருவிழா, கல்யாணம், லைட் மியூசிக் எல்லாம் போவேன். கிராமத்துல ராத்திரி 180 வோல்ட் தான் வரும், ஜெனரேட்டருக்கு மாத்தும்போது 260ஐ தொடும், அதனால கடையில தெளிவா கேட்டேன், கம்மியானா தாங்குமா, ஏறினா கட் ஆகுமான்னு. கடை பேரு போடல, சென்னையில பெரிய கடை தான். "அண்ணே, கண்ண மூடிட்டு எடுத்துட்டு போங்க, 180 வந்தாலும் 230 ஆக்கி குடுக்கும், 260 தாண்டுனா தானா கட் ஆயிடும், ஸ்பீக்கர்ல வர்ற ஹம்மிங்கும் சுத்தமா போயிடும்"னாரு. இதையே வாட்ஸ்அப்லயும் டைப் பண்ணி அனுப்புனாரு. 14,000 ரூபா, பில்லோட வாங்குனேன்.

ஒரு மண்டபத்துல ரிசப்ஷன் நடக்கும்போது மெயின் போர்டுல நியூட்ரல் கழண்டுடுச்சு. த்ரீ பேஸ் லைன்ல நியூட்ரல் போச்சுன்னா எந்த பேஸ்ல லோடு கம்மியோ அதுல வோல்டேஜ் எகிறும், ஏசியும் கிரைண்டரும் ஓடுற பேஸ்ல விழுந்துடும். நம்ம சவுண்ட் தனி பேஸ்ல லேசான லோடுல இருந்துச்சு. மீட்டர்ல 340ன்னு காட்டுது, டப்பா கட் ஆகல, நான் எம்சிபிய தட்டுறதுக்குள்ள ஒரு ஆம்ப்ல புகை, மிக்சர் ஆஃப். பொண்ணு மாப்ள மேடையில நிக்கிறாங்க, மைக் இல்ல, பொண்ணோட அப்பா என் கைய புடிச்சுகிட்டு "எப்படியாவது பண்ணுங்க தம்பி"ங்குறாரு, அந்த நேரத்துல எனக்கு இருந்த நெலம எவனுக்கும் வரக்கூடாது.

டப்பாவ திறக்காம அப்படியே கடைக்கு கொண்டு போனேன். "ஈபி பிரச்சனைக்கு நாங்க பொறுப்பு இல்ல"ன்னு முடிச்சிட்டாங்க. அப்புறம் தான் எங்க மெக்கானிக் அண்ணன் திறந்து பாத்தாரு. லைன தானா பிரிக்கிற சுவிட்சான ரிலே இல்ல, டிரான்ஸ்ஃபார்மர் இல்ல. சுண்டுவிரல் நகம் சைஸ்ல ரெண்டு நீல கலர் எம்ஓவி (திடீர்னு வர்ற வோல்டேஜ் ஸ்பைக்க முழுங்குற பார்ட்டு), அதுல ஒண்ணு பொளந்து கருகிப் போயிருக்கு, ஒரு மஞ்சள் கெப்பாசிட்டர், அவ்வளவு தான். சாக்கெட்டுக்கு சாக்கெட் மெல்லிசு ஒயர்ல கோத்துருக்காங்க, கடைசி மூணு சாக்கெட்டுக்கு எர்த் ஒயரே போகல. மேடையில மைக்க புடிச்சிட்டு ஒரு சின்ன புள்ள பாடும், அதுக்கு எர்த் இல்லாத லைன குடுத்துருக்கான், எனக்கு 14,000 போனத விட இது தான் இன்னும் ஆத்திரமா இருக்கு.

எம்ஓவி மேல 07D471ன்னு போட்டிருந்துச்சு. 07ங்குறது 7 மில்லிமீட்டர் வட்டம், 471ன்னா 470 வோல்ட், நம்ம 230 லைனுக்கு போடுறது தான், தப்பில்ல. ஆனா அது இடி மின்னல், ஸ்விட்சிங்ல கண் இமைக்கிறதுக்குள்ள வந்து போற ஸ்பைக்க முழுங்க தான். 340 வோல்ட் நின்னு வந்தா அது சூடாகி வெந்துடும், பின்னாடி இருக்க ஆம்புக்கும் மிக்சருக்கும் அந்த வோல்டேஜ் அப்படியே போகும். ஏறினா லைனயே பிரிக்க ரிலே வேணும். நல்ல கம்பெனி கண்டிஷனர்ல சிலதுல அந்த கட் ஆஃப் இருக்கு, ஆனா அதுவும் கட் தான் பண்ணும், ரெகுலேட் பண்ணாது.

180ஐ 230 ஆக்கணும்னா சர்வோ ஸ்டெபிலைசரோ ஆன்லைன் யூபிஎஸ்ஸோ தான் வேணும். சர்வோன்னா உள்ள காப்பர் சுத்துன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், ஆள் சேந்து தூக்குற வெயிட்டு, ஒத்த கையில தூக்குற டப்பாக்குள்ள அது எங்க இருந்து வரும்? ஹம்மிங் கதையும் பொய் தான். ரெண்டு பொருள் வேற வேற இடத்துல எர்த் ஆகி ஆடியோ கேபிள் வழியா லூப் ஆகுறதால வர்ற ஹம் இந்த டப்பாவால போகாது, டிஐ பாக்ஸ்ல (கீபோர்டு, கிட்டார மிக்சருக்கு கோக்குற சின்ன பெட்டி) ஆடியோ கேபிளோட எர்த்த மட்டும் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச போட்டாலோ ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலோ போகும். எர்த் பின்ன வெட்டி விடுங்கன்னு எவனாவது சொன்னா அந்த ஆள கிட்டயே சேக்காதீங்க.

செகண்ட்ஸ்ல அமெரிக்கா மாடல் வாங்குறவங்க பின்னாடி பிளேட்ட பாருங்க, 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்னு இருந்தா நம்ம லைன்ல போட்ட உடனே எம்ஓவி வெடிக்கும்.

இப்ப நான் சர்வோவும், அதுக்கு முன்னாடி 270 தாண்டுனா கட் பண்ற வோல்டேஜ் புரொடெக்டரும் போட்டிருக்கேன். எந்த மண்டபம் போனாலும் பேஸ்-நியூட்ரல், நியூட்ரல்-எர்த் ரெண்டையும் மீட்டர் வச்சு பாத்துட்டு தான் ரேக்குக்கு கனெக்‌ஷன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டுனா எலக்ட்ரீஷியன கூப்புட்டு சரி பண்ண சொல்லுவேன்.

காச விடப் போறதில்ல. தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் குடுத்தேன், உடனே கடைக்காரன் "தொழிலுக்கு வாங்குன பொருள், நீங்க கன்ஸ்யூமரே கிடையாது"ன்னு பதில் போடுறான். 2019 நுகர்வோர் சட்டத்துல, சொந்தமா வேல செஞ்சு பொழைக்க மட்டுமே வாங்குன பொருள வியாபார நோக்கம்னு எடுத்துக்க கூடாதுன்னு இருக்கு, அதனால இத கேட்டு பயந்துறாதீங்க. பில்லு, அந்த வாட்ஸ்அப் மெசேஜ், திறந்து எடுத்த போட்டோ மூணையும் வச்சு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுறேன், பொருளுக்கு குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் இல்ல. அந்த மெசேஜ் மட்டும் இல்லன்னா அவன் அப்படி சொல்லவே இல்லன்னு சாதிச்சிருப்பான், அதனால கடையில வாயால சொல்றத எல்லாம் எழுத்துல வாங்கிக்கோங்க.