கிராம சபை நோட்டில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் கிராம சபைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள். வருகை நோட்டில் போலிக் கையெழுத்து பற்றி நாங்கள் ஆட்சியரிடம் கொடுத்த மனு விசாரணையில் இருப்பதால் எந்த ஊராட்சி என்று எழுதவில்லை.

எங்கள் தெருவில் போன வருடம் அலங்கார தரைக்கற்கள் பதித்தார்கள். நம்ம மாவட்டத்தில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் இப்போது அந்தக் கல்தான். பழைய காங்கிரீட்டை உடைத்து எடுக்காமல், அதன் மேலேயே பாறைப்பொடி கொட்டிக் கல்லை அடுக்கிவிட்டுப் போனார்கள். தெரு உயர்ந்துவிட்டது, வீடுகள் பள்ளத்தில். ஓரத்தில் இருந்த ஓடை பாதி தூரத்துக்குக் கல்லுக்கு அடியில் மூடிவிட்டது. 2025 ஜூன் மழையில் தெருத் தண்ணீர் முழுவதும் முற்றம் வழியாக வீட்டுக்குள் வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் கட்டிலை நான்கு செங்கல் வைத்துத் தூக்கினோம். சாக்கடை நாற்றம் போக ஒரு வாரம் பிடித்தது.

யாரிடம் சொல்வது? ஊரக உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்போது தலைவரும் இல்லை, வார்டு மெம்பரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம். அலுவலகத்தில் கேட்டால் "பிளாக்கில் கேளுங்க" என்பார்கள். பிளாக்கில் கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும். சரி என்று முதல்வரின் உதவி மையமான 1100-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்துவிட்டு, ஆகஸ்ட் 15 கிராம சபைக்குத் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து போனோம்.

பந்தலில் எண்ணினால் அறுபது பேர் தேறாது. ஓடையைத் திறந்துவிட வேண்டும் என்று எழுந்து சொன்னோம். "எழுதிக்கிடுதோம்" என்றார்கள். அப்புறம் வருகை நோட்டு சுற்றி வந்தது. "அக்கா, இதுல ஒரு ஒப்பு போடுங்க, வந்ததுக்குத்தான்" என்றார் கொண்டு வந்தவர். போட்டோம். தீர்மானம் எதையும் யாரும் வாசிக்கவில்லை. டீயும் மிக்சரும் வந்ததும் கூட்டம் கலைந்தது.

மாதக் கடைசியில் போனுக்கு மெசேஜ் வந்தது. புகார் முடித்து வைக்கப்பட்டதாம். காரணம்: பணி திருப்திகரமாக முடிந்ததை கிராம சபையே ஏற்றுக்கொண்டது!

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தீர்மான நகலும் வருகைப் பதிவேட்டின் நகலும் கேட்டோம். விண்ணப்பத்தில் 10 ரூபாய்க்கு கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு போகலாம். எங்களுக்குத் தந்துவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நகலைப் பார்த்தால் முந்நூறுக்கு மேல் கையெழுத்து. ஏன் முந்நூறு என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. கிராம சபைக் கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால், மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்திருக்க வேண்டும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நம்ம ஊராட்சிகள் பெரியவை. பந்தலில் இல்லாத ஆளை வேறெங்காவது தேடித்தானே ஆக வேண்டும்? நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு நோட்டு போயிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. எதிர் வீட்டு அண்ணன் மூன்று வருடமாக சவுதியில் இருக்கிறார். அவர் பெயருக்கு நேரே நல்ல உருண்டைக் கையெழுத்து, கீழே இருக்கும் இன்னும் ஏழெட்டுப் பெயருக்கும் அதே கை, அதே பேனா. வீடியோ காலில் அவரிடம் காட்டினோம். "எனக்க ஒப்பு இவ்வளவு அழகா இருக்காதே" என்று சிரித்தார். அவர் வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை, தண்ணீர் புகுந்த வீடு அவருடையது.

நாங்கள் கேட்ட ஓடை தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை.

நாகர்கோவிலில் திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு நகலையும், சவுதி அண்ணனின் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைப் பக்கத்தையும் சேர்த்து. ரசீது வாங்கியாயிற்று. விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 1, உள்ளாட்சி தினத்திலும் கிராம சபை கூடும். 1956-இல் நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதுதான். போகிறவர்கள் கோரிக்கையை வாயால் சொல்லி நிறுத்தாமல் இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தீர்மானத்தை அங்கேயே எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வருகை நோட்டில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே நேரத்தையும் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு நோட்டு வந்தால் போடாதீர்கள், கொண்டு வருகிறவர் எவ்வளவு வேண்டப்பட்டவராக இருந்தாலும் சரி.