இடது முன் சக்கரத்தின் உறுமல்: பேரிங் மாற்றி 19,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு

சத்தம் முதலில் கேட்டபோது கார் 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அறுபதைத் தாண்டினால் எங்கோ தூரத்தில் விமானம் போவது போல ஒரு உறுமல். எண்பதில் பாட்டின் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பின்னாலிருந்து வருகிறது என்றார்கள், எனக்கோ முன்னால் கேட்டது. உலோக உடம்பு முழுக்கச் சத்தம் பரவிவிடுவதால் இந்த விஷயத்தில் காதை ரொம்ப நம்பக்கூடாது.

இன்ஜினா, சக்கரமா என்று பார்ப்பது சுலபம். காலியான நேர்சாலையில் எண்பதில் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றினேன். இன்ஜின் சுழற்சி இறங்கியது, உறுமல் இறங்கவில்லை. வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைந்தது. ஆக, சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று.

அடுத்த சந்தேகம் டயர். ஏற்ற இறக்கமாகத் தேய்ந்த டயர், பழுதான பேரிங் (சக்கரம் உரசாமல் சுற்ற உதவும், உள்ளே குண்டுகள் உள்ள வளையம்) மாதிரியே அச்சு அசலாகக் கத்தும். சர்வீஸ் அட்வைசரும் அதையே சொல்லி, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்து அனுப்பிவிட்டார். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், ‘முன்பக்கம் உறுமல் சத்தம், அறுபதுக்கு மேல்’ என்று ஜாப் கார்டில் (புகாரைப் பதியும் தாளில்) எழுத வைத்து ஒரு நகல் வாங்கிக்கொண்டதுதான். பிறகு முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டேன். டயர்தான் காரணம் என்றால் சத்தமும் கூடவே இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை.

எந்தப் பக்கம் என்பதை ஸ்டியரிங் சொன்னது. வலப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை இடது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது உறுமல் தடித்தது. இடப்பக்கம் வளைத்தால் கிட்டத்தட்ட அடங்கியது. எல்லாப் பேரிங்கும் இப்படி ஒழுங்காகக் காட்டிக்கொடுக்காது. எனக்கு வாய்த்தது நேர்மையான பேரிங்.

மறுபடி பட்டறைக்குப் போனேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டமே இல்ல சார், பேரிங் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறோம். ஆட்டம் இருந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம், சரி. ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நல்லது என்று ஆகிவிடாது. உள்ளே குண்டுகள் ஓடும் பாதையில் சின்னப் பள்ளம் விழுந்தாலே சத்தம் வந்துவிடும். ஆட்டம் வருவது அதற்கு எவ்வளவோ பிறகு. மூத்த மெக்கானிக் ஒருவர் வந்து, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றினார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இடது பக்கம் ஸ்பிரிங் வழியாக மணலை அரைப்பது போல விரலில் நறநறத்தது. வலது பக்கம் வெண்ணெய்.

அப்புறம் வாரண்டி. என்னுடையது மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. நான் இரண்டாம் முறை போனபோது மூன்று ஆண்டு முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. ‘முடிந்துவிட்டது’ என்றார்கள், பழைய ஜாப் கார்டை நீட்டினேன். ‘தேய்மானப் பொருள்’ என்றார்கள். வாரண்டிப் புத்தகத்தைத் திறந்தேன். தேய்மானப் பட்டியலில் பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு எல்லாம் இருந்தன, பேரிங் இல்லை. மூன்றாவதாகச் சொன்னது, குழியில் அடி வாங்கியிருக்கும் என்று. அது நியாயமான சந்தேகம்தான். வெளி அடியால் வந்த பழுதைப் பொதுவாக வாரண்டி ஏற்காது. ரிம்மைக் கழற்றிச் சுற்றிவிட்டுப் பார்த்தார்கள், வளைவு இல்லை. மழைக்காலத்தில் ஒருமுறை தண்ணீர் நிறைந்த குழியில் இறக்கினேன் என்பதும் உண்மை. அதுதான் காரணமா என்று எனக்கே தெரியாததால், அவர்கள் கேட்காததை நான் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து ஒப்புதல் வந்தது. பேரிங்கும் வேலைக்கூலியும் அவர்கள் பொறுப்பு, அலைன்மென்ட் செலவு என்னுடையது.

கதை அதோடு முடிந்திருக்கலாம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய சற்று நேரத்தில் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிந்தது. என் காரில் பேரிங்கை நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) பிரஸ் வைத்து அழுத்திப் பொருத்த வேண்டும். அதன் ஒரு பக்க சீலில் காந்த வளையம் இருக்கிறது. சக்கர வேகத்தை சென்சார் படிப்பது அதிலிருந்துதான். பேரிங்கை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். பிரஸ் போட்டு வெளியே தள்ளிய பேரிங்கைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, உள்ளே அடிபட்டிருக்கும். ஆகவே இன்னொரு புதுப் பேரிங், இன்னொரு நாள். ஆக்சில் நட்டையும் புதிதாகவே போடச் சொல்லி, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அட்வைசருக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

இப்போது 62,000 கிலோமீட்டர். இடது பக்கம் அமைதி. அன்றே வலது பேரிங்கையும் என் செலவில் மாற்றிவிடலாம் என்றார்கள், மறுத்துவிட்டேன். அது இன்னும் சத்தமில்லாமல் ஓடுகிறது. காலிச் சாலை கிடைத்தால் பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் வளைத்துக் கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.