பகிர்வு சிபியுவா, தனி சிபியுவா?

டி.நகர் கடை ஒன்றின் பில்லிங் கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த கணினியில், ஓடுகிறது என்று வையுங்கள். சிபியு (கணக்குப் போடும் பகுதி) பலரோடு பங்கிடும் பகிர்வு வகையாக இருந்தால் மலிவு. ஆனால் அதே இயந்திரத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் வேலை கூடும்போது நாம் வரிசையில் நிற்க வேண்டும். லினக்ஸில் 'டாப்' கட்டளை கொடுத்து 'எஸ்டி' (st) எண்ணைப் பாருங்கள்: 10 என்றால், பத்தில் ஒரு பங்கு நேரம் சிபியு கிடைக்காமல் காத்திருந்திருக்கிறோம். ராத்திரி எப்போதும் காலி என்றும் நம்ப முடியாது. பல சர்வர்களின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அவற்றின் நள்ளிரவு வேலைகள் சென்னையில் காலை 5.30-க்குக் கிளம்பும். நம் பேக்கப்பை (தரவின் நகலெடுப்பை) 3.17 மாதிரி மற்றவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்காத நேரத்துக்குத் தள்ளிவிடலாம்.

நமக்கு மட்டுமே ஒதுக்கும் தனி சிபியுவில் இந்த இழுபறி குறைவு, வாடகைதான் கடிக்கும். டிஸ்க்கும் நெட்வொர்க்கும் அப்போதும் பொதுவாக இருக்கலாம்.

பேக்கப்புக்குப் பகிர்வே போதும். மாலை 7 மணி பில் கவுன்ட்டருக்கு, சந்தேகமில்லாமல் தனி.