ஃபெர்மியா, ஹெஸ்ஸா: சதுர மீட்டர் பார்த்து எடுத்த முடிவு

பகுதி நேரப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஒரு திட்டப்பணி கட்டாயம். வேலை முடிந்து உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறக்கிற ஆள் நான். தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளைகள் பீய்ச்சுகிற மிக உயர் ஆற்றல் காமா கதிர்கள்தான் தலைப்பு. சிங்கப்பூரிலிருந்து நாமே பார்ப்பதெல்லாம் ஆகாத காரியம். கடல்மட்டம், மேகம், இரவெல்லாம் வெளிச்சம். யாரோ பார்த்துப் பொதுவில் வைத்த தரவுதான் கதி. யாருடைய தரவு என்பதில்தான் ஒரு மாதம் ஓடிப்போனது.

முதலில் எடுத்தது ஃபெர்மி. 2008இல் ஏவிய நாசா செயற்கைக்கோள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் துழாவிவிடும். தரவு இலவசம், வந்த சூட்டோடு பொதுவில் கிடைக்கும். மேகம் கிடையாது, நிலவு கிடையாது, லீவு கிடையாது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசாரை எடுத்துக்கொண்டேன். நடுவிலுள்ள கருந்துளையின் பீய்ச்சல் நம் பக்கம் திரும்பியிருக்கும் விண்மீன் மண்டலம்தான் பிளேசார். சுமார் 150 கோடி ஒளியாண்டு தள்ளி இருப்பது. ஓராண்டுத் தரவை இறக்கி, ஆற்றலில் 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இருந்ததையெல்லாம் கழித்துவிட்டு வரைந்து பார்த்தால், கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள். பின்னால் நின்று பார்த்த மனைவி, "என்னங்க, மை தெறிச்ச மாதிரி இருக்கு?" என்றாள்.

கோளாறு ஃபெர்மியிடம் இல்லை, பரப்பில் இருக்கிறது. அதன் கருவி காமா கதிரைப் பிடிக்கும் பரப்பு ஒரு சதுர மீட்டர்கூட வராது. ஆற்றல் ஏற ஏற ஃபோட்டான்கள் கிடுகிடுவென்று குறைந்துவிடும். அந்த உச்சியில் ஒரு சதுர மீட்டரை விரித்துவைத்துக் காத்திருப்பது, சித்திரை வெயிலில் தேநீர்க் கோப்பையை நீட்டி மழை பிடிக்கிற வேலைதான்.

நமீபியாவின் மலைப்பகுதியில், 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹெஸ் என்ற தொலைநோக்கித் தொகுதி. அது காமா கதிரை நேரடியாகப் பிடிப்பதே இல்லை. வளிமண்டலத்தில் பத்துக் கிலோமீட்டர் உயரம்போல் ஒரு காமா கதிர் மோதினால் எலக்ட்ரான், பாசிட்ரான் என்று துகள்கள் சரமாரியாகப் பொழியும். அவை காற்றில் ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சி ஓடும்போது நீலநிறச் செரன்கோவ் ஒளி கிளம்புகிறது. சில நானோ விநாடிதான் அதன் ஆயுள். ஆனால் தரைக்கு வரும்போது சுமார் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாகப் பரவியிருக்கும். அந்த வட்டத்துக்குள் தொலைநோக்கி எங்கே நின்றாலும் போதும், அந்தக் காமா கதிர் சிக்கியது. ஆகவே 12 மீட்டர் கண்ணாடியின் அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கணக்கில் வருவது அந்த ஒளிவட்டம். பயன்படும் பரப்பு சுமார் ஒரு லட்சம் சதுர மீட்டர். நம் பாஷையில் சொன்னால், ஆயிரம் வீவக நாலறை வீடுகளைத் தாண்டும். தேக்காவில் கோப்பி குடிக்கும்போது இதைச் சொன்னதற்கு, கூட வேலை செய்யும் தம்பி சிரித்தான்: "அண்ணே, பிடிஓ வீடு வாங்குற ஆள் மாதிரி சதுர மீட்டரையே பாக்குறீங்க."

பார்க்கத்தான் வேண்டும். 2006 ஜூலை 28 அன்று இதே பிளேசார் திடீரென்று கொந்தளித்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹெஸ் பிடித்த காமா கதிர்கள் பத்தாயிரத்துக்கு மேல். அதனால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து வரைய முடிகிறது. ஏற்ற இறக்கம் சுமார் 200 விநாடிக்குள் நடப்பது அப்போதுதான் தெரிகிறது. சூரியனைப் போல நூறு கோடி மடங்கு எடையுள்ள கருந்துளை என்றால், அதன் ஆரத்தைக் கடக்கவே ஒளிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து மூன்று நிமிடச் சிமிட்டல் எப்படி வருகிறது என்பதுதான் என் திட்டப்பணியின் கேள்வியாகவே ஆனது. மை தெறித்த படத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஹெஸ் குழு 2018இல் வெளியிட்ட சோதனைத் தரவுத் தொகுப்பில், அதையடுத்து ஜூலை 29–30 இரவில் இதே பிளேசார் மறுபடி கொந்தளித்தது இருக்கிறது. காமாபை என்ற பைதான் மென்பொருளில் நேராகத் திறக்கலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தரவுத் தொகுப்பில் வெற்று வானத்தைப் பார்த்ததைக் கழித்தால் மொத்தமே 28 மணி நேரம்தான். அதில் நம் பால்வீதிக்கு வெளியே இருப்பது இந்த ஒரே பிளேசார். தொலைநோக்கியுமே பெரும்பாலும் நிலவும் மேகமும் இல்லாத இரவில்தான் வேலை செய்யும். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் அப்படித் தேறுவது சுமார் 1,000தான். ஒரே சமயத்தில் பார்ப்பதும் ஐந்து பாகை வானம் மட்டும். வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது எது கொந்தளித்தாலும் போனது போனதுதான்.

மூன்றாவது வகைக் கருவிகள், மெக்சிகோவின் ஹாக், சீனாவின் லாசோ போன்றவை. 4,000 மீட்டருக்கு மேலான மலையில் தண்ணீரை நிரப்பி வைத்து, தரைவரை வந்து சேரும் துகள்களையே பிடிப்பவை. பகலிரவு பார்க்காமல் ஓடும். 2022 அக்டோபர் 9இல் ஒரு காமா வெடிப்பிலிருந்து லாசோ அறுபதாயிரத்துக்கு மேல் ஃபோட்டான்களை வாரியது. பரப்பும் உண்டு, விழிப்பும் உண்டு. ஆனால் இவற்றின் தரவில் என் கை பட்டதில்லை, கட்டுரை படித்ததோடு சரி. படித்த வரையில், ரொம்பத் தூரத்துப் பிளேசார்களுக்கு இவை அவ்வளவு தோதில்லை. உயர் ஆற்றல் கதிர்கள் வழியில் நட்சத்திர ஒளியோடு மோதி எலக்ட்ரான்–பாசிட்ரான் ஜோடியாகிக் கரைந்துபோகும். தூரம் கூடக் கூடக் குறைந்த ஆற்றல்தான் மிஞ்சும், இவை வலுவாக இருப்பதோ அதற்கு மேலே.

அந்த விஷயத்தில் ஃபெர்மிக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் லா பால்மாத் தீவின் 23 மீட்டர் தொலைநோக்கி ஓபி 313 என்ற பிளேசாரைப் பிடித்தது. சுமார் 800 கோடி ஆண்டு பயணித்து வந்த ஒளி. அந்தப் பக்கம் திரும்பு என்று சொன்னதே ஃபெர்மியின் எச்சரிக்கைதான். என் அறிக்கையிலும் கடைசியில் ஒரு பக்கம் அதற்கு ஒதுக்கினேன், மை தெறித்த அந்தப் படத்தோடு.